அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன மணி

குற்றம் முழுக்க என் கணவருடையது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருகிறவற்றில் அவர்மீது பழி போட எனக்கு இடமே கிடைக்கப்போவதில்லை.

அவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் ஏசி திருத்துகிறவர். ஒருநாள் வேலை முடிந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே அங்கே கண்ட ஒரு புதினம் சொன்னார். ஹோட்டலுக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்திருக்கிறதாம். நாலு பிள்ளைகள். ஒன்றுகூடப் பாடசாலைக்குப் போவதில்லையாம், தாய்தான் படிப்பிக்கிறாவாம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் கைகோத்துப் பாடி ஜெபிக்கிறார்களாம். பிறகு நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டுப் பாடம்.

"ஒரு சத்தம் சந்தடி இல்ல. பிள்ளையள் அப்பிடி அமைதியா இரிக்குதுகள்" என்றார்.

அவர் அதைப் புதினமாகத்தான் சொன்னார். நான் அதை எனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது மகளுக்கு நாலு வயது, மகனுக்கு மூன்று. மகள் பாலர் பாடசாலையில் இருந்து அந்தக் கிழமைதான் ஒரு சினிமாப் பாட்டையும் ஒரு கெட்ட வார்த்தையையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பாட்டைவிட வார்த்தையை நன்றாகவே உச்சரித்தாள். எனக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. மறுநாளே அவளை நிறுத்திவிட்டு, இனி நம் வீடுதான் பாடசாலை, ஜெபம்தான் முதல் பாடம் என்று அறிவித்தேன். கேட்பதற்கு வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஏசியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார், மற்ற இருவரும் பப்பாசி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு போனில் வீடியோக்கள் பார்த்தேன். நீளப் பாவாடை கட்டிய தாய்மார். பெரிய மரமேசை. போறணை அடுப்பில் பாண் வேகிறது, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு தலையைக் குனிந்து எழுதுகிறார்கள். நானும் ஒரு நீளப் பாவாடை தைப்பித்தேன். பாணுக்கு மா குழைத்தேன். அது கல்லாகி, கோழிக்குப் போட்டபோது கோழியே ஒருதரம் யோசித்தது. மரமேசைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் மேசை வாங்கினோம். பனிக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வளவு ஆடு நின்று என் குரோட்டன் செடியைத் தின்றுகொண்டிருந்தது.

எல்லாம் வாங்கியும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. டவுனில் பழைய பித்தளைச் சாமான் விற்கிற கடையில் அந்தக் குறையைக் கண்டுபிடித்தேன். கைப்பிடி வைத்த மணி. நல்ல கனம். ஒரு பெரிய பாடசாலைக்கே போதுமான சத்தம். என் மாணவர்கள் இருவரும் மணியில் இருந்து இரண்டடி தூரத்தில்தான் இருப்பார்கள், வாயால் கூப்பிட்டாலே வருவார்கள். ஆனாலும் காலையில் எட்டு மணிக்கு அதை ஆட்டும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வரும். தினமும் இரவு சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் போட்டு அதை மினுக்கி வைப்பேன். பிள்ளைகள் தொடக்கூடாது. மகன் ஒருதரம் எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டபோது நான் போட்ட சத்தத்தில், மணியே தேவையில்லாமல் தெரு முழுவதும் எழும்பியது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் வாவியில் இரவில் வலை போடுகிறவர். விடியப் பிடித்ததை விற்றுவிட்டு வந்து, ஒரு ஏழரை மணிபோலத்தான் கண்ணயர்வார். எட்டு மணிக்கு நான் மணி அடிப்பேன். அவருடைய மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வேலியடிக்கு வந்தா.

"அக்கா, கோயில்லயும் மணி அடிக்கிறதான். ஆனா அது எழும்பி வந்த ஆக்களுக்குத்தானே."

நான் சிரித்துச் சமாளித்தேன். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில், விசுவாசத்துக்காக வருகிற பாடுகளைத் தாங்கப் பெலன் கேட்டேன். பாடுபட்டது அந்த மனுஷன்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாடசாலை தொடங்கி ஒரு கிழமை ஆகுமுன்னே மாதர் சங்கத்தில் எழுந்து அதைப் பற்றிச் சாட்சியும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எப்படிப் பின்வாங்குவது?

பாடங்கள் நடந்தன என்று சொல்லலாம். படைப்பின் கதையில், ஆண்டவர் கடல் உயிர்களைப் படைத்த ஐந்தாம் நாளுக்கு வந்தபோது, அன்றைக்கென்று நான் நண்டுக்கறி வைத்திருந்தேன். "ஆண்டவர் ஆசையாச் செஞ்சதை ஏன் அம்மா சட்டியில போட்டீங்க?" என்று மகன் அழுது, இரண்டு நாள் பருப்பும் சோறும்தான் சாப்பிட்டான். மீனின் வயிற்றுக்குள் இருந்த தீர்க்கதரிசியின் கதையைச் சொன்னபோது மகள் நேரே வேலிக்குப் போய், வலை போடுகிற பக்கத்து வளவுக்காரரிடமே விசாரித்தாள். மாமாவுக்கு எப்போதாவது மீனுக்குள் ஆள் கிடைத்ததா?

"ஆள் கிடைக்கல்ல மனே. ஒருக்கா வலையில ஒரு செருப்புக் கிடைச்சது."

"மற்றச் செருப்போட அவர் தப்பிட்டார் போல" என்றாள் மகள். அதற்குமேல் அந்தப் பாடத்தை என்னால் நடத்த முடியவில்லை.

ஒரே ஒரு பாடத்தில் நான் உண்மையாகவே பெருமைப்பட்டேன். ஜெபம். முணுமுணுக்கக் கூடாது. கண்ணை மூடி, நெஞ்சை நிமிர்த்தி, சத்தமாக, தெளிவாக, ஒரே ஒரு காரியத்தைக் கேட்க வேண்டும். "ஆண்டவருக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கிறது பிடிக்காது" என்பேன். பிடிக்காதது எனக்கு. அக்கா ஜெபித்து முடித்தால் தம்பி "ஆமென்" சொல்ல வேண்டும். அவனுக்கு எழுத்தும் வரவில்லை, எண்ணும் வரவில்லை, ஆமென் மட்டும் கூரையைத் தூக்குகிற மாதிரி வந்தது.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. நடுப்பகலில் பாடசாலை விடுகிற நேரம், எங்கள் வீட்டு முன் ஒழுங்கையால் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு, தண்ணீர்ப் போத்தலை ஆட்டிக்கொண்டு சத்தமாகப் போவார்கள். பக்கத்து வளவுப் பிள்ளையும் அதற்குள் வரும், அது இரண்டாம் ஆண்டு. அந்த நேரம் மகள் தண்ணீர்க்குழாயடிச் சீமெந்துக் கட்டின்மேல் ஏறி, வேலியில் நாடியை வைத்துக்கொண்டு நிற்பாள். கடைசிப் பிள்ளை திரும்பிப் போகும்வரை நிற்பாள். வேலியோர மரத்தில் குருவிகள் இருந்தன. ஆகவே அதை நான் இயற்கை அவதானிப்பு என்று நேரசூசியில் ஒரு பாடமாகவே போட்டேன். மாதர் சங்கத்திலும் சொன்னேன். "சொல்லாமலே போய் நிக்கிறாள், பறவையளில அவ்வளவு விருப்பம்."

ஒரு லீவு நாளில் கணவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்று அதைப் பார்த்தார். "அவள் குருவி பாக்கல்ல. பிள்ளையளப் பாக்கிறாள்" என்றார்.

"உங்களுக்கு ஏசியப் பத்தித்தான் தெரியும்" என்றேன். அவர் குழாயைப் பூட்டிவிட்டு உள்ளே போனார்.

மகளுக்கு ஐந்து முடிந்தது. வயல்களில் வெட்டு முடிந்து, அந்த முறை பிந்திப்போன புது வருஷப் பாடசாலை தொடங்க இருந்தது. எங்கள் ஊர்ப் பாடசாலை அதிபரும் எங்கள் சபைதான். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டா.

"தங்கச்சி, மகளுக்கு ஒண்டாம் ஆண்டில ஒரு இடம் வெச்சிரிக்கன். ஐஞ்சு முடிஞ்ச பிள்ளையை வீட்டில வெச்சிரிக்கேலாது, உங்களுக்கும் தெரியும்தானே. அறுப்பின் பண்டிகையண்டைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. அதுக்கு மேல என்னால இடத்தைப் பிடிச்சு வெச்சிரிக்கேலா."

"ஜெபிச்சிட்டுச் சொல்றம் மிஸ்" என்றேன். எங்கள் ஆட்களிடத்தில் இதற்கு மாட்டோம் என்று அர்த்தம். அவவுக்கும் அது தெரியும். பெருமூச்சு விட்டுவிட்டு மற்றச் செருப்பைத் தேடப் போனா.

வீட்டில் கணவர், "அவளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாரன்" என்றார். ஐந்து வயதுப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது என்று சொல்லிவிட்டு மணியை மினுக்கப் போனேன். உண்மையில் எனக்குப் பயம். அவள் போய்விட்டால் அந்த மேசை வெறும் பிளாஸ்டிக் மேசை, நான் பகல் முழுவதும் நீளப் பாவாடையோடு வீட்டுக்குள் நடமாடுகிற ஒருத்தி. அதை நான் அழைப்பு என்றும் தரிசனம் என்றும் பெரிய பெரிய பேர் சொல்லி மூடி வைத்திருந்தேன்.

அறுப்பின் பண்டிகை என்பது, வயல் வெட்டு முடிந்ததும் எல்லோரும் தங்கள் விளைச்சலில் முதல் பங்கைச் சபைக் கோயிலுக்குக் கொண்டுவருகிற நாள். ஆராதனை முடிந்தபின் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள். சந்தை விலையை அங்கே யாரும் நினைப்பதில்லை. ஒரு பிடி முருங்கைக்காய்க்கு இரண்டு மச்சான்மார் வீம்புக்கு ஏற்றி ஏற்றி, தோற்றவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், வென்றவர் மனைவியிடம் ஏச்சு வாங்குவார். வேடிக்கை பார்க்கவும் பூசணிக்காய் வாங்கவும் சைவ ஆட்களும் வருவார்கள்.

அதற்கு முந்திய கிழமை முழுக்க நான் முதற்பலனைப் பற்றிப் பாடம் எடுத்தேன். கரும்பலகையில் நெற்கதிரும் கோழியும் வரைந்தேன். கோழி ஆமை மாதிரி வந்தது.

"ஆண்டவருக்குக் குடுக்கிறதெண்டா, வீட்டில மிஞ்சிக் கிடக்கிறதைக் குடுக்கப்படாது. எது போனா மனம் நோகுமோ, அதைத்தான் குடுக்கோணும்" என்றேன்.

"ஆர்ர மனம்?" என்றாள் மகள்.

"வீட்டில இரிக்கிறவங்கட மனம்."

"சொல்லிப்போட்டுக் குடுக்கோணுமா?"

"இல்ல மனே. சொல்லிக் காட்டிக் குடுத்தா அது பெருமை. சத்தமில்லாமக் குடுக்கோணும்."

அவள் தலையை ஆட்டினாள். நல்ல மாணவி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வவுணதீவில் இருந்து கணவரின் தம்பி தன் வட்டை வயலில் விளைந்த புது நெல்லரிசி கொண்டுவந்தார். அதை ஒரு உரப்பையில் போட்டு, மேலே அடுக்க எங்கள் வளவுப் புடலங்காயையும் பூசணிக்காயையும் எடுத்து வைத்தோம். நாட்டுக்கோழி ஒன்று காலைக் கட்டியபடி தனியாக. காலையில் பையை நானே அடுக்கட்டுமா என்று மகள் கேட்டாள். எனக்குக் கண் கலங்கியது. என் பாடம் எப்படிப் பதிந்திருக்கிறது பாருங்கள் என்று கணவரிடம் சொன்னேன்.

மறுநாள் ஏலத்தை நடத்தியவர் எங்கள் சபை மூப்பர் ஒருவர். சிரிக்காமல் மற்றவர்களைச் சிரிக்க வைக்கிற ஆள். எங்கள் பை வந்தது. புடலங்காய் போனது, பூசணிக்காய் போனது. அரிசியைத் தூக்கினவர் அப்படியே நின்றார். பைக்குள்ளே கையை விட்டார். உள்ளே இருந்து என் மணி வந்தது. முதல்நாள் இரவுதான் மினுக்கியது, வெயிலில் பளபளவென்றிருந்தது.

"இதென்ன, எந்த வயல்ல விளைஞ்சது?" என்றார்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. அது யாருடைய மணி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கையில் இருந்து வந்தவர்களுக்குச் சும்மா அல்ல, எலும்புக்குள்ளேயே தெரியும். நான் முன்னால் போய், பிழையாக வந்துவிட்டது என்று சொல்லப் போனேன். மூப்பர் கையைக் காட்டி மறித்தார்.

"காணிக்கையா வந்ததைத் திருப்பிக் குடுக்கேலா தங்கச்சி. வேணுமெண்டா எல்லாரையும் போலக் கேட்டு எடுங்க. ஐந்நூறு!"

"ஆயிரம்!" என்றது ஒரு குரல். பக்கத்து வளவுக்காரர். பூசணிக்காய்க்கு வந்தவர். இரவு முழுவதும் வாவியில் இருந்த கண், சிவந்திருந்தது.

"உங்களுக்கு ஏன் அண்ணே மணி?" என்றார் மூப்பர்.

"வாவியில கொண்டுபோய்த் தாழ்க்கிறதுக்கு."

நான் ஏற்றினேன். அவர் ஏற்றினார். எங்கள் ஒழுங்கை ஆட்கள் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள், "விடாதீங்க, நாங்களும் காசு போட்டுத் தாறம்" என்றார்கள். என் பக்கத்தில் யாரும் இல்லை. கணவரைத் தேடினேன். அவர் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோஷம் தலைக்கேறியது. அன்றைக்கு என் கையில் இருந்த காசைவிடக் கூடவே கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். பக்கத்து வளவுக்காரர் அதற்கும் மேலே ஒன்று சொன்னார்.

"ஒருதரம்…" என்றார் மூப்பர். "ரெண்டுதரம்…"

அந்த இடத்தில் அவர் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவார். முற்றம் அமைதியாகும். நான் மனதுக்குள், என் சட்டத்துக்கே விரோதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, இந்த மனுஷன் விட்டுத்தர வேணும், மணி எனக்குத்தான் கிடைக்க வேணும். அடுத்த விலை சொல்லக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது கேட்டது. சத்தமாக, தெளிவாக, சுற்றி வளைக்காமல்.

"ஆண்டவரே, மணி அம்மாட்டத் திரும்பி வரப்படாது. நான் பாடசாலைக்குப் போகோணும்."

"ஆமென்!" என்றான் மகன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கண்ணை மூடி, நெஞ்சை நிமிர்த்தி, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு காரியம் கேட்கச் சொல்லியிருந்தேன், இரண்டு கேட்டுவிட்டாள். அவளுக்கு அது இரண்டும் ஒன்றுதான். மணி போனால் பாடசாலை. பிறகு முற்றம் முழுவதும் ஒரே சிரிப்பு. அதிபர் மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தபடி நின்றா.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து நெஞ்சில் அடித்தது. இந்தப் பிள்ளைக்கு ஜெபத்தில் நம்பிக்கை வர வேண்டும் என்றுதான் இவ்வளவையும் தொடங்கினேன். பாவாடை, பாண், மேசை, மணி, எல்லாம் அதற்குத்தான். இப்போது அவள் நம்பிக்கையோடு கேட்டுவிட்டாள். இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கும்போது என்ன பதிலைக் காண்பாள் என்பது, அந்தரத்தில் நின்ற என் கையில்தான் இருந்தது.

கையை இறக்கினேன். பார்க்கிறவர்கள் கொண்டையைச் சரிசெய்யத் தூக்கினேன் என்று நினைக்கட்டும் என்று, ஒருதரம் கொண்டையைத் தொட்டுவிட்டு இறக்கினேன். யாரும் அப்படி நினைக்கவில்லை.

"மூண்டுதரம்!" என்றார் மூப்பர்.

வீட்டுக்கு நடந்து போகும்போது மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, ஆண்டவர் கேட்டுட்டார்."

"ஓம் மனே. கேட்டுட்டார்."

"மணி போனது உங்களுக்கு மனம் நோகுதா?"

"நோகுது."

"அப்ப சரி" என்றாள் நிம்மதியாக. "நோகிறதைத்தான் குடுக்கோணுமெண்டு நீங்கதானே சொன்னீங்க."

தன் பொம்மையைக் கொடுக்கலாமா என்றுதான் முதலில் யோசித்தாளாம். ஆனால் அது போனால் அவளுக்கு மட்டும்தான் நோகுமாம். அம்மாவுக்கு வீட்டில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது மணிதானே என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை அது. எனக்கு ஒரு காரியத்தை நினைவுபடுத்துகிற குரல். இல்லை, உன்னைத்தான் பிடிக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் அது பொய் மாதிரிக் கேட்குமோ என்று பயந்து, அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஐந்து வயதுப் பிள்ளை நல்ல கனம், ஒழுங்கை முடக்குவரைதான் தூக்க முடிந்தது.

மணி வாவிக்குப் போகவில்லை. பக்கத்து வளவுக்காரர் அதைத் தன் சைக்கிளில் கட்டிவிட்டார். இப்போது விடியப் பிடித்த இறாலை விற்க அதை ஆட்டிக்கொண்டுதான் ஒழுங்கையால் வருகிறார். முதல்நாள் அந்தச் சத்தம் கேட்டதும் மகன் ஓடிப்போய் மேசையில் கைகட்டி இருந்தான். அவனை ஏன் குறை சொல்வது, நானும் குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டேன். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இறால் வாங்கினோம்.

பாடசாலை தொடங்கிய நாளில் மகள் வெள்ளை உடுப்பும் புதுச் சப்பாத்துமாக, பக்கத்து வளவுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். நானும் மகனும் பின்னால். வாசலில் அதிபர் நின்றா. நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தேன். மகள் உள்ளே போகும் முன் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உடனே அந்த வாசலிலேயே, அத்தனை பிள்ளைகளுக்கும் தாய்தகப்பன்மாருக்கும் நடுவில் நின்று, கண்ணை மூடி, நெஞ்சை நிமிர்த்தினாள்.

"ஆண்டவரே, அம்மா அழப்படாது."

"ஆமென்!" என்றான் மகன்.

அவள் கண்ணைத் திறந்து, அந்தக் காரியம் முடிந்தது என்ற நம்பிக்கையோடு உள்ளே ஓடினாள். நல்லவேளை, திரும்பிப் பார்க்கவில்லை. முதல் ஜெபத்துக்குக் கையை இறக்கினால் போதுமாக இருந்தது. இதற்கு என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை.

மகன் என் நீளப் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, நான் ஆமென் சொல்லிட்டன்தானே. இன்னும் ஏன் அழுறீங்க?"